நிலைபெறா நீல ஒளி



எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் மாணவர் சிலர் ஒரு பலகையிற் சிறு விளக்குகள் மூன்றைப் பொருத்தி, சிவப்பு, பச்சை, நீலம் என மாறி மாறி ஒளிரச் செய்துகொண்டிருந்தனர். அவ்வழியாற் சென்ற என்னை அவர்களுள் ஒருவன் நிறுத்தி, "ஐயா, இந்த மூன்றிலும் நீல விளக்குக்கு மட்டும் ஏன் நோபல் பரிசு கொடுத்தார்கள்?" என்று வினவினான். நான் கலைப் பட்டதாரி. வரலாறு படிப்பித்து அதிபரானவன். உடனே விடை கூற இயலவில்லை. நூல்களைப் புரட்டி விடை கண்டேன். அவ்விடையைத் தேடும்பொழுது இன்னொரு நீல ஒளியின் கதையும் என் கண்ணிற் பட்டது. முதலாவது நீல ஒளி பிறப்பதற்கு முப்பது ஆண்டுகள் சென்றன. இரண்டாவது நீல ஒளியோ எளிதிற் பிறந்துவிடுகின்றது. ஆனால் நிலைத்து நிற்க மறுக்கின்றது. அந்த இரண்டாவது நீலத்தைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

இவ்விளக்குகளை எல்.ஈ.டி. என்று கடைத்தெருவிற் கூறுகின்றோம். ஒளிகாலும் இருவாயி என்பது அவற்றிற்குப் பாடநூல் தரும் பெயர். அதன் உள்ளே குறைகடத்திப் பொருள் ஒன்று உள்ளது. மின்னோட்டத்தைச் செலுத்தும்போது ஒரு பக்கத்திலிருந்து இலத்திரன்கள் அதனுட் புகுகின்றன. மறுபக்கத்திலிருந்து, இலத்திரன் இல்லாத இடங்களாகிய துளைகள் புகுகின்றன. இலத்திரன் துளையில் வந்து விழும்பொழுது, அது இழக்கும் சத்தி ஒளியாக வெளிப்படுகின்றது. வீழ்ச்சி சிறிதாயின் சிவப்பு ஒளி. பெரிதாயின் நீல ஒளி. தொலைக்காட்சித் திரைகளுக்கான புதிய நியமம் ஒன்று சிவப்புக்கு 630 நனோமீற்றர் அலைநீளத்தையும் நீலத்துக்கு 467 நனோமீற்றரையும் விதித்திருக்கின்றது. நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் வரும் ஒரு பகுதி. இவ்வளவுகளின்படி, நீல ஒளித்துணிக்கை ஒன்று சிவப்பு ஒளித்துணிக்கையைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிகையான சத்தி உடையது. அச்சத்தியைத் தாங்கி நிற்கும் பொருளைத் தேடுவதுதான் பெரும்பாடு.

அமெரிக்கராகிய நிக் ஹொலொனியாக் 1962 இலேயே சிவப்பு விளக்கைச் செய்துவிட்டார். பிரகாசமான நீல விளக்கை யப்பானியராகிய சூஜி நகமுரா 1993 இல் ஏற்றினார். அதற்கு வழி வகுத்தவர்கள் இசாமு அகசாகியும் இரோசி அமானோவும் ஆவர். இம்மூவருக்கும் 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் கையாண்ட பொருள் கலியம் நைத்திரைட்டு. அது மிக வலிய பளிங்கு. நீலக்கல்லாகிய தட்டின்மேல், ஏறத்தாழ 1,000 பாகை வெப்பத்தில், அணு அணுவாக அதனை வளர்க்கவேண்டும். இன்று நம் வீடுகளில் எரியும் வெள்ளை விளக்குகளின் உள்ளே இருப்பது இந்த நீலமே. மஞ்சட் பூச்சு ஒன்று அதன் ஒரு பகுதியை மாற்றி, வெள்ளையாகக் காட்டுகின்றது.

அங்ஙனமாயின் இன்னொரு நீலம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். வீட்டு விளக்கிற்கு வேண்டியதில்லை. ஆனால் ஒரு திரையை எண்ணிப் பாருங்கள். அதில் இலட்சக்கணக்கான ஒளிப்புள்ளிகள் வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் வேண்டும். நீலக்கற் றட்டில் வளர்த்த பளிங்கைத் துணுக்குத் துணுக்காக அறுத்து, அத்தனை இலட்சம் இடங்களிற் பதிப்பது பெருஞ்செலவான வேலை. மை கொண்டு அச்சிடுவது போல ஒளிரும் பொருளை அகன்ற பரப்பிற் பூச முடியுமானால், அது வேறொரு உலகம். அத்தகைய மையாக வந்ததே பெரோவ்ஸ்கைற்று நனோப் பளிங்கு.

பெயர் கடினமானது, வரலாறு சுவையானது. ருசிய நாட்டு யூரல் மலையிற் கிடைத்த கனிமம் ஒன்றைச் செருமானிய அறிஞர் குஸ்தாவ் ரோசே 1839 இல் ஆராய்ந்து, ருசியப் பிரபுவாகிய பெரோவ்ஸ்கியின் பெயரை அதற்குச் சூட்டினார். நாளடைவில் அப்பெயர் அக்கனிமத்தின் அமைப்பைக் கொண்ட பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராயிற்று. சீசியம், ஈயம் ஆகியவற்றோடு குளோரினோ புரோமினோ அயடினோ சேர்ந்த உப்புக்களும் அதே அமைப்பை உடையன என்பதைக் கோபன்கேகனில் மொல்லர் என்பவர் 1958 இல் வெளியிட்டார். பின்னர் நெடுங்காலம் அவ்வுப்புக்களைப் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. 2009 இல் யப்பானில் மியசாகாவின் குழுவினர் இவ்வினப் பொருளைச் சூரிய மின்கலத்திற் பயன்படுத்தினர். 2014 இல் கேம்பிரிட்ஜில் ரிச்சட் பிரெண்டின் குழுவினர், அறை வெப்பநிலையிற் பிரகாசமாக எரியும் விளக்கை இதனாற் செய்தனர். 2015 இல் சூரிச் நகரிற் கொவலெங்கோவின் குழுவினர், சீசிய ஈய உப்பை 4 முதல் 15 வரையான நனோமீற்றர் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக ஆக்கிக் காட்டினர்.

அவர்கள் செய்த முறையைக் கேட்டால் வியப்பீர்கள். 140 முதல் 200 பாகை வரை சூடேற்றிய திரவம் உள்ள குடுவையில், இன்னொரு கரைசலை விரைவாகச் செலுத்துகின்றனர். சில விநாடிகளிற் பளிங்குகள் பிறந்துவிடுகின்றன. தாச்சியிற் கடுகு வெடிக்கும் நேரந்தான். குளோரின் சேர்த்தால் 410 நனோமீற்றரை ஒட்டிய ஊதா; புரோமின் சேர்த்தாற் பச்சை; அயடின் சேர்த்தாற் சிவப்பு. குளோரினையும் புரோமினையும் அளவாகக் கலந்தால் இடைப்பட்ட நீலம் வருகின்றது. நல்ல பளிங்குகள் தாம் உட்கொண்ட ஒளித்துணிக்கைகள் நூறில் தொண்ணூறு வரையானவற்றை மீண்டும் ஒளியாகவே திருப்பித் தருகின்றன. கலியம் நைத்திரைட்டுக்காக முப்பது ஆண்டுகள் பட்ட பாட்டை நினைத்தால், இஃது இலவசமாகக் கிடைத்த செல்வம் போலத் தோன்றும்.

ஆனால் எளிதாகப் பிறந்தது எளிதாகவே அழியும் என்பதை இங்கும் காண்கின்றோம். பெரோவ்ஸ்கைற்று விளக்குகளுட் பச்சையும் சிவப்பும் 2018 இலேயே நூற்றுக்கு இருபது என்னும் வெளிவினைத்திறனைக் கடந்தன. அஃதாவது, உட்செலுத்திய நூறு இலத்திரன்களுக்கு இருபதுக்கு மேற்பட்ட ஒளித்துணிக்கைகள் வெளிவந்தன. நீலம் அவற்றின் பின்னேதான் நடந்துவருகின்றது. வினைத்திறனிற் பின்தங்கியதைவிட ஆயுளிற் பின்தங்கியதே பெருங்குறை. நீல நனோப் பளிங்கு விளக்குகளிற் பெரும்பாலானவற்றின் ஆயுளை நிமிடங்களிலும் சில மணித்தியாலங்களிலுமே அளந்து எழுதியிருக்கின்றனர். இதற்குக் காரணம் என்ன?

முதற் காரணத்தை வகுப்பறை உவமை ஒன்றால் விளக்குகின்றேன். ஒரு வகுப்பில் இரு ஊர்ப் பிள்ளைகள் உளர் என்று கொள்வோம். ஆசிரியர் அவர்களைக் கலந்து, ஒருவர் விட்டு ஒருவராக வாங்குகளில் இருத்துகின்றார். எல்லா இடங்களும் நிரம்பியிருந்தால் எவரும் இடம் மாற இயலாது. ஆனால் ஓரிடம் வெறுமையாக இருந்தாற் போதும். ஆசிரியர் முதுகைத் திருப்பியவுடன் ஒரு பிள்ளை அவ்விடத்துக்கு நகர்கின்றான். அவன் விட்ட இடத்துக்கு இன்னொருவன் நகர்கின்றான். மணி அடிப்பதற்குள் ஓர் ஊரார் ஒரு மூலையிலும் மற்றை ஊரார் மறு மூலையிலும் கூடிவிடுகின்றனர்.

நீலப் பளிங்கினுள் நிகழ்வதும் இதுவே. குளோரைட்டு அயன்களும் புரோமைட்டு அயன்களும் ஒரே சாலகத்திற் கலந்து வைக்கப்பட்டுள்ளன. இப்பளிங்கு மிக மென்மையான அயனியப் பளிங்கு. அதிற் சில இடங்கள் எப்பொழுதும் வெறுமையாகவே இருக்கும். மின்புலம் உந்த, வெப்பம் ஊக்க, அயன்கள் வெறுமை வழியே நகர்கின்றன. புரோமைட்டு ஓரிடத்தில் மிகுதியாகக் கூடுகின்றது. அவ்விடத்தின் சத்தி இடைவெளி சுருங்குகின்றது. தாழ்ந்த நிலத்தை நாடி நீர் ஓடுவது போல, இலத்திரன்களும் துளைகளும் அவ்விடத்தையே நாடிச் செல்கின்றன. விளைவு என்ன? பளிங்கின் சிறு பகுதியே மாறியிருப்பினும், வெளிவரும் ஒளி முழுவதும் பச்சைப் பக்கம் சாய்கின்றது. நீலமாகத் தொடங்கிய விளக்கு நம் கண்முன்னே நிறம் மாறுகின்றது.

இந்தப் பிரிவினையை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து ஹோக்கும் அவர் குழுவினரும் ஆவர். அவர்கள் 2015 இல் வெளியிட்ட ஆய்வு, புரோமைட்டும் அயடைட்டும் கலந்த படலத்தைப் பற்றியது. ஒளி பட்டவுடன் கலவை பிரிந்தது. இருளில் வைத்தபொழுது மீண்டும் கலந்தது. கேட்பதற்கு இது நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் ஒளிர்வதே தொழிலாகக் கொண்ட விளக்குக்கு இருளில் ஓய்வு எங்கே கிடைக்கப் போகின்றது?

வெறுமையான இடங்களால் வேறு தீங்கும் உண்டு. புரோமைட்டு நீங்கிய இடம் ஒளியை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. குளோரைட்டு நீங்கிய இடமோ ஆழமான பொறிக்கிடங்கு போன்றது. அதில் அகப்பட்ட இலத்திரன் ஒளி தராமல், வெப்பமாகத் தன் சத்தியை இழக்கின்றது. அவ்வெப்பம் அயன்களை மேலும் நகரச் செய்கின்றது. நகர்ந்த அயன்கள் மேலும் கிடங்குகளை உண்டாக்குகின்றன. நீலம் வேண்டுமானாற் குளோரின் வேண்டும். குளோரின் மிகுந்தாற் கிடங்கும் மிகும். இதுவே நீலத்தின் தனித் துயரம்.

இரண்டாவது காரணம் மேற்பரப்பு. ஏறத்தாழ 4 நனோமீற்றர் பக்கமுள்ள கனசதுரம் ஒன்றை எண்ணுங்கள். அதன் ஒரு பக்கத்தில் சாலகத்தின் அலகுகள் ஏழளவில் அடங்கும். ஏழை ஏழால் ஏழாற் பெருக்க 343 அலகுகள். வெளித்தோலை உரித்துவிட்டால் உள்ளே எஞ்சுவன ஐந்தை ஐந்தால் ஐந்தாற் பெருக்கிய 125. எனவே 218 அலகுகள் புறத்தே நிற்பவை. ஊரில் மூன்றில் இருவர் வேலியோரத்திற் குடியிருப்பது போன்ற நிலை இது. வேலி பழுதானால் ஊரே பழுதாகும்.

அவ்வேலியாக அமைவன நீண்ட கரிம மூலக்கூறுகள். ஒலெயிக்கு அமிலமும் ஒலெயிலமீனும் அவற்றுட் பெரிதும் கையாளப்படுவன. ஒலெயிக்கு அமிலம் நம் நல்லெண்ணெயிலும் உள்ள கொழுப்பமிலந்தான். இவை பளிங்கைத் தளர்வாகவே பற்றிக்கொள்கின்றன. பளிங்குகளைக் கழுவித் தூய்மையாக்கும்போதே பல கழன்றுவிடுகின்றன. கழன்ற இடத்திற் புதிய வெறுமை தோன்றுகின்றது. அப்படியாயின் போர்வையைத் தடிப்பாக்கலாமே எனின், அதுவும் ஆகாது. இம்மூலக்கூறுகள் மின்னைக் கடத்தாதவை. குறைந்தாற் பளிங்கு அழிகின்றது; கூடினால் மின் புக மறுக்கின்றது.

மூன்றாவது காரணம் அயலார். நனோப் பளிங்குப் படலத்தின் ஒரு பக்கத்தில் துளைகளைக் கொண்டுவரும் படலமும், மறுபக்கத்தில் இலத்திரன்களைக் கொண்டுவரும் படலமும் இருக்கின்றன. துளைப் படலமாகப் பெரிதும் பயன்படும் பல்பகுதியம் ஒன்று அமிலத்தன்மை உடையது. அது அயலிலுள்ள பொருளை மெல்ல அரிக்கின்றது. மேலும், நீலத்தின் சத்தி இடைவெளி அகன்றதாதலின், துளைகள் உயர்ந்த படியொன்றை ஏறியே உட்புகவேண்டும். இலத்திரன்கள் விரைந்து வர, துளைகள் தயங்கி நிற்கின்றன. பயனின்றித் தேங்கிய மின்னேற்றம் வெப்பமாகின்றது. ஈரப்பதமும் காற்றும் செய்யும் கேட்டை நன்றாக மூடிக் காப்பதால் தடுக்கலாம். உள்ளே இருந்து வரும் கேட்டை மூடியினால் தடுக்க இயலாது.

இனி, பரிகாரம் தேடுவோர் சென்ற வழிகளைப் பார்ப்போம்.

ஒரு வழி, குளோரினையே கைவிடுதல். பளிங்கை மிகச் சிறிதாக்கினால் அதன் நிறம் நீலப் பக்கம் நகரும். பருமன் நிறத்தை ஆள்கின்றது என்னும் இவ்வுண்மையைக் கண்டு வளர்த்த எக்கிமோவ், புரூஸ், பவெண்டி ஆகிய மூவருக்கும் 2023 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர்கள் கையாண்டவை வேறு பொருள்கள். ஆயினும் விதி ஒன்றே. பச்சை தரும் புரோமைட்டுப் பளிங்கைச் சிலவே நனோமீற்றர் அளவாகக் குறுக்கினால் நீலம் பிறக்கின்றது. கலவையே இல்லாதபோது பிரிவினைக்கு இடமில்லை. கனடாவின் ரொறன்ரோவிற் சார்ஜென்ற் என்பவரின் குழுவினர், இத்தகைய நுண்பளிங்குகளின் எண்ணெய்ப் போர்வையை நீக்கி, புரோமைட்டு அயன்களை உள்ளும் குறுகிய மூலக்கூறுகளை வெளியுமாகக் கொண்ட இரட்டைப் போர்வையை அணிவித்தனர். 2020 இல் அவர்கள் வெளியிட்ட விளக்கு, 479 நனோமீற்றரில் 12.3 வீத வினைத்திறனை எட்டியது. ஆனால் அளவிற் சிறியவை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரியவையாகும் இயல்புடையன. பெரிதானால் மீண்டும் பச்சை. வேலியை இன்னும் உறுதியாகக் கட்டவேண்டியிருக்கின்றது.

மற்றொரு வழி, வெறுமையான இடங்களை நிரப்புதல். குளோரைட்டு மிகுந்த உப்புக்களால் மேற்பரப்பை நனைத்து, நீங்கிய அயன்களுக்கு ஈடு செய்கின்றனர். ஈயம் இருக்கும் இடங்கள் சிலவற்றில் நிக்கலையோ மங்கனீசையோ சிறிதளவு வைத்துச் சாலகத்தை இறுக்குவோரும் உளர். மங்கனீசு அளவு மீறினால் தானே செம்மஞ்சளாக ஒளிரத் தொடங்கும். ஆதலின் அம்மருந்தை அளந்தே இடவேண்டும்.

மூன்றாவது வழி, வேலியைச் சீர்செய்தல். யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலியை அறிந்தோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். ஒரே கட்டினால் நிற்கும் கிடுகு முதற் காற்றிலேயே ஆடும். இரண்டிடத்திற் கட்டியது எளிதில் விழாது. ஒலெயிக்கு அமிலம் ஒரு கையாற் பற்றுவது. சூரிச் குழுவினர் நேரேற்றமும் மறையேற்றமும் ஒருங்கே உடைய, இரு கையாற் பற்றும் மூலக்கூறுகளைக் கொண்டு பளிங்கைப் போர்த்தினர். சோயா அவரையிலிருந்து கிடைக்கும் லெசித்தினும் அவ்வகையில் நன்கு உதவியது. கழுவினாலும் அது எளிதிற் கழல்வதில்லை.

இம்முயற்சிகள் வீண் அல்ல என்பதற்குப் பச்சை விளக்கு சாட்சி. கொரிய நாட்டுச் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் இலீயின் குழுவினர், பளிங்கைச் சுற்றிப் பொஸ்போனிக்கு அமில வகை ஒன்றினால் உறுதியான ஓடு அமைத்து 2022 இல் ஒரு பச்சை விளக்கை வெளியிட்டனர். அதன் வினைத்திறன் 28.9 வீதம். சதுர மீற்றருக்கு 1,000 கண்டெலா ஒளிர்வில் தொடங்கி, அது பாதியாகக் குறைய 520 மணித்தியாலம் சென்றது. 100 கண்டெலாவில் எரித்தால் 30,000 மணித்தியாலம் நிற்கும் என்று அவர்கள் கணித்தனர்.

நேயர்களே, இவ்விரு எண்களையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டுகின்றேன். 520 மணித்தியாலம் என்பது இருபத்தொரு நாள்களுக்குச் சற்று மேல். 30,000 மணித்தியாலம் என்பது மூன்று ஆண்டுகளுக்கு மேல். முன்னையது இருந்து அளந்தது. பின்னையது கணக்கிட்டுக் கூறியது. கணக்கில் தவறில்லை, மங்கலாக எரியும் விளக்கு நெடுநாள் நிற்கும் என்பது பட்டறிந்த விதி. ஆயினும் ஒரு விளக்கு இவ்வளவு காலம் நிற்கும் என்று செய்தி வரும்பொழுது, எந்த ஒளிர்வில், அளந்தா, கணித்தா என்று கேட்க நாம் பழகவேண்டும். நீல விளக்காயின் இன்னொரு கேள்வியும் உண்டு. ஒளிர்வு பாதியாகும் நேரத்தை மட்டும் கூறினாற் போதாது. அந்நேரம் முழுவதும் நிறம் மாறாதிருந்ததா என்பதையும் கூறவேண்டும். பிரகாசம் குன்றாமற் பச்சையாகிப்போன நீல விளக்கு, திரைக்கு உதவாது.

ஈயத்தைப் பற்றியும் கூறாது விடுதல் நேர்மையாகாது. குழந்தைகளின் மூளைக்குக் கேடு விளைப்பது அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, மின்கருவிகளிலுள்ள எந்த ஒரு சீரான பொருளிலும் ஈயம் நிறையில் 0.1 வீதத்தைக் கடத்தலாகாது என்கின்றது. சில விலக்குகளும் அதிற் கூறப்பட்டுள்ளன. படலம் மெல்லியதாதலின் ஒரு திரையில் உள்ள ஈயம் சொற்பமே. எனினும் விரைவிற் பழுதாகும் பொருளில் ஈயம் இருப்பது இரட்டைக் கேடு. திரும்பத் திரும்ப எறியப்படுமன்றோ? ஆகவே ஆயுளை நீட்டுதல் ஈயத்தின் தீங்கைக் குறைப்பதற்கும் ஒரு வழியாகும். ஈயமே இல்லாத நீலத்தைத் தேடுவோரும் உளர். யப்பானில் ஹொசோனோவின் குழுவினர், சீசியமும் செம்பும் அயடினும் சேர்ந்த பளிங்கொன்று 445 நனோமீற்றரில் நீலமாக ஒளிர்வதை 2018 இல் அறிவித்தனர். ஒளியை விழுங்கி ஒளிர்வது வேறு. மின்னை ஏற்று ஒளிர்வது வேறு. இரண்டாவது தேர்விலேயே அப்பொருளுக்கும் சோதனை இருக்கின்றது.

வினைத்திறனில் ஒரு வீதம் கூட்டினால் உலகம் உடனே கைதட்டுகின்றது. ஆயுளை ஒரு மணித்தியாலம் கூட்டியவனை அதே உலகம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால் இந்த நீலம் திரைக்கு வருமா, ஆய்வேட்டிலேயே நின்றுவிடுமா என்பதை முடிவு செய்யப்போவது அந்த மணித்தியாலங்களே. அயன் ஏன் நகர்கின்றது, எந்த வழியால் நகர்கின்றது, அந்த வழியை எவ்வாறு அடைப்பது என்று பொறுமையாகத் தேடுவோர் கையிலேதான் இதன் எதிர்காலம் இருக்கின்றது.

அந்த மாணவனிடம் சில நாள்களின் பின் இவையெல்லாவற்றையும் சுருக்கிச் சொன்னேன். அவன் சிறிது யோசித்துவிட்டு, "அப்படியென்றால், ஐயா, எரிய வைக்கிறதைவிட எரிந்துகொண்டிருக்க வைக்கிறதுதான் கடினம்" என்றான். என் விளக்கத்தைவிட அவன் விடை குறுகியது; சரியானதுங்கூட. அவனைப் போன்றோர் ஆய்வுகூடங்களுக்குச் செல்லும் நாளிலும் இவ்வேலை எஞ்சியிருக்கும் என்றே எண்ணுகின்றேன்.